சில நேரம் கிளம்பும், சில நேரம் கிளம்பாது: மலை ஜீப்பின் ஸ்டார்ட்டிங் கோளாறைப் பிடிப்பது எப்படி

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளை விடியற்காலையில் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். பழைய வண்டிகள் பலவும் சரிவில், மூக்கு கீழே பார்த்தபடி நின்றிருக்கும். செல்ஃப் எடுக்காவிட்டால் ஹேண்ட் பிரேக்கை விட்டு உருட்டி, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டுக் கிளப்பிவிடலாம் என்ற முன்யோசனை அது. என் டீசல் ஜீப்பையும் இரண்டு மாதம் அப்படித்தான் நிறுத்திக்கொண்டிருந்தேன். பத்து முறை சாவி திருப்பினால் எட்டு முறை ஒழுங்காகக் கிளம்பும். இரண்டு முறை ‘டக்’ என்ற ஒற்றைச் சத்தத்தோடு சரி. எந்த இரண்டு முறை என்பதுதான் தெரியாது. பேட்டரியை மாற்றினேன். செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ் போட்டேன். கோளாறு அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் அது ஒரு சாண் நீளமுள்ள பின்னல் கம்பிப் பட்டையில் இருந்தது. கண்டுபிடிக்க ஆன நேரம் பத்து நிமிடம், தேவைப்பட்ட கருவி ஒரு சாதாரண மல்டிமீட்டர். வண்டி கிளம்பாமல் நின்ற அந்தச் சமயத்தில் ஒருமுறைகூட மீட்டரை வைத்துப் பார்க்காததால்தான் இரண்டு மாதம் வீணானது.

அடியோடு செத்துப்போன வண்டியைச் சோதிப்பது எளிது. கோளாறு ஓடிப்போகாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். விட்டுவிட்டு வரும் கோளாறு அப்படியல்ல. மெக்கானிக் வந்தவுடன் நல்ல பிள்ளையாகிவிடும். நாம் பதறிப்போய் டெர்மினலை ஆட்டுகிறோம், பானெட்டுக்குள் கையை விட்டு நான்கு வயரை இழுத்துப் பார்க்கிறோம், வண்டி கிளம்பிவிடுகிறது. ஆட்டியதில் எது சரியானது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தடயத்தை நாமே அழித்துவிட்டோம். பழைய ஜீப், ஜிப்ஸி போன்ற வண்டியைப் புதிதாக வாங்கியவர்களுக்கு இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது பெரும்பாலும், அழிப்பதற்கு முன் அந்தத் தடயத்தை எப்படிப் படிப்பது என்பதைத்தான்.

முதலில் ஒரு நோட்டு

டாஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் போட்டுவையுங்கள். கிளம்பாத ஒவ்வொரு முறையும், எதையும் தொடுவதற்கு முன், இவற்றை எழுதுங்கள்: எஞ்சின் குளிர்ந்திருந்ததா, சூடாக இருந்ததா, நிறுத்தி எவ்வளவு நேரம் ஆனது, சாவி திருப்பியபோது என்ன சத்தம், டாஷ்போர்டு விளக்குகள் மங்கினவா, வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நின்றது, அதற்கு முன் தண்ணீரில் இறங்கியதா, கல் ரோட்டில் குலுங்கியதா, கடைசியில் எதைச் செய்ததும் கிளம்பியது.

ஐந்தாறு முறை எழுதினால் ஓர் ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். இரண்டு நாள் நின்ற பிறகுதான் தொல்லை என்றால் எங்கோ கரண்ட் கசிகிறது, அல்லது பேட்டரிக்கு வயதாகிவிட்டது. மலை ஏறி வந்து, டீக்கடையில் கால் மணி நேரம் நிறுத்திவிட்டுக் கிளப்பும்போது மட்டும் என்றால் சூட்டில் படுக்கும் பாகம் ஏதோ ஒன்று. மூக்கு மேலே பார்த்து நிறுத்திய காலைகளில் மட்டும் என்றால், டீசல் வண்டியாக இருக்கும் பட்சத்தில், லைனில் காற்று. மூன்றுமே இல்லாமல், கொலுக்குமலைப் பாதை போன்ற கற்குவியலில் போய்வந்த பிறகு என்றால் லூஸ் கான்டாக்ட். இந்த நோட்டை எடுத்துப்போய்க் காட்டினால் ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்குப் பாதி வேலை மிச்சம். “சில சமயம் ஸ்டார்ட் ஆகவில்லை அண்ணே” என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனால், அவருக்கும் பேட்டரியை மாற்றச் சொல்வதைத் தவிர வேறு வழியிருக்காது.

கை வைக்கும் முன்

பழைய ஜீப்புகளில் கிளட்சை மிதித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும் என்ற ஏற்பாடு கிடையாது. கியரில் இருக்கும்போது செல்ஃப் கொடுத்தால் வண்டி முன்னால் பாயும். முன்னால் குனிந்து நிற்பவர் நீங்களாக இருப்பீர்கள். ஆகவே நியூட்ரல், ஹேண்ட் பிரேக், இரண்டு சக்கரத்துக்கும் கல். இது மூன்றும் இல்லாமல் எந்தச் சோதனையும் வேண்டாம்.

மோதிரம், உலோக வாட்ச் பட்டை இரண்டையும் கழற்றுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. செல்ஃப் மோட்டாரின் இரண்டு போல்ட்டையும் ஸ்குரு டிரைவரால் இணைத்துப் பொறி பறக்கவிடும் வித்தையைப் பலர் செய்து பார்த்திருப்பீர்கள். தெரிந்தவர் செய்யட்டும். கற்றுக்கொள்பவருக்கு அதில் கிடைக்கும் தகவலைவிட ஆபத்து அதிகம்.

கையில் இருக்க வேண்டியவை: டிஜிட்டல் மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப், இரண்டு மீட்டர் நீளமுள்ள இரண்டு வயர்கள் முனையில் கிளிப்போடு, பத்து மற்றும் பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர், உப்புத்தாள். உடன் ஒருவர் இருந்தால் நல்லது. சாவி திருப்ப ஆள் வேண்டும்.

எஞ்சின் சுற்றுகிறதா, இல்லையா

எல்லாச் சோதனையும் இந்த ஒரு கேள்வியில் இரண்டாகப் பிரிகிறது. சாவியைத் திருப்பியதும் செல்ஃப் எஞ்சினை வழக்கமான வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பற்றவில்லை என்றால் அது பெரும்பாலும் எரிபொருள் அல்லது சூடு சம்பந்தப்பட்டது. செல்ஃப் சுற்றவே இல்லை, அல்லது ‘உர்... உர்...’ என்று இழுத்து இழுத்துச் சுற்றுகிறது என்றால் அது மின்சாரம் சம்பந்தப்பட்டது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, சுற்றாத எஞ்சினுக்கு டீசல் ஃபில்டர் மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரிவில் உருட்டிக் கிளப்பினால் உடனே கிளம்புகிறது என்றால் அதுவும் ஒரு தகவல்தான்: டீசலும் எஞ்சினும் நலம், கோளாறு செல்ஃப் பக்கம். அந்தத் தகவலை எழுதிக்கொண்டு, உருட்டுவதை நிறுத்திவிட்டுச் சோதனைக்கு வாருங்கள்.

சுற்றாதபோது: காது கொடுத்துக் கேளுங்கள்

சத்தமே இல்லை. செல்ஃப் மோட்டாரின் மேல் இருக்கும் காந்த சுவிட்சான சொலினாய்டுக்கு உத்தரவே போய்ச் சேரவில்லை. சாவி சுவிட்ச், ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை இணைக்கும் சுவிட்ச்), ஃபியூஸ், இவற்றுக்கு இடையிலுள்ள மெல்லிய வயர், இவற்றில் ஒன்று. ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கியர் லீவர் பார்க்கில் அல்லது நியூட்ரலில்தான் இருக்கிறதா என்று பார்க்கும் சுவிட்சும்.

ஒரே ஒரு பலத்த ‘டக்’. சொலினாய்டு இழுத்துவிட்டது, ஆனால் மோட்டாருக்குப் போதிய கரண்ட் போகவில்லை. சொலினாய்டுக்குள் இருக்கும் செம்புக் கான்டாக்ட் தேய்ந்திருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், தடித்த கேபிளின் ஏதோ ஒரு முனை பழுதாகியிருக்கலாம்.

தையல் மெஷின் போல ‘டகடகடக’. சொலினாய்டு இழுக்கிறது, மோட்டார் கரண்ட் கேட்டவுடன் வோல்ட்டேஜ் படுத்துவிடுகிறது, சொலினாய்டு விட்டுவிடுகிறது, மீண்டும் இழுக்கிறது. பேட்டரி காலி, அல்லது டெர்மினல் லூஸ்.

‘விர்ர்’ என்று மோட்டார் மட்டும் சுற்றும், எஞ்சின் அசையாது. மோட்டாரிலிருந்து முன்னே வந்து எஞ்சினைச் சுற்றும் பல்சக்கரமான பெண்டிக்ஸ், எஞ்சினின் பிளைவீலைப் பிடிக்கவில்லை. ஒன்று பெண்டிக்ஸ் வழுக்குகிறது, அல்லது பிளைவீல் ரிங்கில் அந்த இடத்துப் பல் தேய்ந்துபோயிருக்கிறது. பின்னதுதான் என்றால், வண்டியை நான்காம் கியரில் போட்டு அரை அடி முன்னால் தள்ளிவிட்டு நியூட்ரலில் மீண்டும் முயன்றால் பிடிக்கும். எஞ்சின் நிற்கும் நிலையைப் பொறுத்து வருவதால் இதுவும் விட்டுவிட்டு வரும் கோளாறுதான்.

அடுத்து, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். வெளிச்சம் செத்துவிட்டால் பேட்டரி அல்லது அதன் டெர்மினல். வெளிச்சம் அப்படியே இருந்து, செல்ஃப் மட்டும் மௌனமாக இருந்தால் கரண்ட் மோட்டாருக்குப் போகவே இல்லை. பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். புதுப் பேட்டரிக்கு நான் பணம் கொடுத்த அன்று இந்த அரை நிமிடச் சோதனையைச் செய்திருந்தால் அந்தப் பணம் என்னிடமே இருந்திருக்கும்.

பேட்டரி: சீக்கிரம் முடித்துவிட வேண்டிய வேலை

இரவு முழுக்க நின்ற வண்டியில், எதையும் போடாமல் பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். 12.0க்கு வந்துவிட்டால் கால்வாசிகூடத் தேறாது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும், ஓடும்போதும் 12.5தான் என்றால் டைனமோ சார்ஜ் செய்யவில்லை.

நிற்கும்போது 12.6 காட்டினால் போதாது. செல்ஃப் சுற்றும்போது பார்க்க வேண்டும். சமவெளி வெப்பத்தில் 9.6க்குக் கீழே போகக் கூடாது. சார்ஜ் நிறைந்த பேட்டரி செல்ஃப் கொடுத்ததும் 8க்குச் சரிந்தால், பெரும்பாலும் அதற்குள்ளேயே ஒரு செல் போய்விட்டது. மலையில் குளிர்ந்த காலையில் பேட்டரியின் பலம் குறையும், எஞ்சின் ஆயிலும் கெட்டிப்பட்டிருக்கும். கீழே போடியில் நன்றாக இருக்கும் பேட்டரி மேலே போய் முரண்டு பிடிப்பது இதனால்தான்.

நின்ற வண்டியில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க, எல்லாவற்றையும் அணைத்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை ஆம்பியர் நிலையில் வையுங்கள். 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. அரை ஆம்பியர் காட்டினால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி போகிறது. 80 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு நாளில் படுத்துவிடும். ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கி எதில் குறைகிறது என்று பாருங்கள். ஜீப் வைத்திருப்பவர்களுக்கு ஆசை அதிகம்: கூரை விளக்கு, வின்ச், ஆம்ப்ளிஃபையர். ஃபியூஸ் பெட்டியைத் தொடாமல் நேராகப் பேட்டரியிலிருந்து வயர் இழுத்து மாட்டியவற்றை முதலில் சந்தேகப்படுங்கள். மீட்டர் ஆம்பியரில் இருக்கும்போது செல்ஃப் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும்.

கேபிளும் எர்த்தும்: நேரம் செலவிட வேண்டிய இடம்

கல்லிலும் சேற்றிலும் ஓடும் வண்டிக்கு இதுதான் தலையாய நோய். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு அதற்கு உலோகத் தொடர்பு என்று இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு எர்த் பட்டைதான். பேட்டரியிலிருந்து பாசிட்டிவ் கேபிள் வழியாக மோட்டாருக்குப் போகும் கரண்ட் முழுக்கவும் அந்தப் பட்டை வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். டீசல் எஞ்சினைச் சுற்ற 200 ஆம்பியருக்கு மேலும் போகும். பட்டையின் முனையில் துருவோ பெயிண்டோ சேர்ந்து ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை உண்டானால்கூட, 200 ஆம்பியரில் 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும்.

புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். மீட்டரை ‘பீப்’ நிலையில் வைத்துப் பட்டையைத் தொட்டால் நன்றாகப் பீப் அடிக்கும். ஓம் நிலையில் வைத்தால் பூஜ்யம் காட்டும். நூறில் ஒரு பங்கு ஓமைக் காணும் கண் அந்த மீட்டருக்குக் கிடையாது. ஒரேயொரு இழையில் தொங்கும் கேபிளும் பீப் அடிக்கும். 200 ஆம்பியரைத் தாங்காது. ஆகவே கரண்ட் ஓடும்போதுதான் அளக்க வேண்டும்.

செய்முறை இது. மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தின் மேல் வையுங்கள். கேபிள் கிளாம்ப்பின் மேல் அல்ல, ஈயக் கம்பத்தின் தலையிலேயே. மறுமுனையைச் செல்ஃப் மோட்டாரின் உடம்பில், பெயிண்ட் இல்லாத இடத்தில் வையுங்கள். உடனிருப்பவரைச் செல்ஃப் கொடுக்கச் சொல்லுங்கள். டீசல் வண்டியில் எஞ்சினை நிறுத்தும் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டால் கிளம்பிவிடாமல் சுற்றும். நான்கைந்து விநாடி போதும். மீட்டரில் 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட்டைத் தாண்டினால் திருடன் அந்தப் பாதையில் இருக்கிறான்.

அதேபோல் பாசிட்டிவ் பக்கமும்: பேட்டரி பாசிட்டிவ் கம்பத்துக்கும் செல்ஃப் மோட்டாரில் தடித்த கேபிள் வந்து சேரும் போல்ட்டுக்கும் இடையே, சுற்றும்போது, அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கேபிளின் போல்ட்டுக்கும் மோட்டாருக்குள் போகும் அடுத்த போல்ட்டுக்கும் இடையே வைத்தால் சொலினாய்டின் கான்டாக்ட் எப்படியிருக்கிறது என்பதும் தெரியும். சாவி திருப்பாதபோது அங்கே 12 வோல்ட் காட்டும், பயப்பட வேண்டாம், திருப்பியதும் 0.3க்குள் விழ வேண்டும். ‘டக்’ சத்தம் கேட்டும் 12 அப்படியே நின்றால் உள்ளே செம்பு கருகிவிட்டது.

என் ஜீப்பில் நடந்ததைச் சொல்கிறேன். கிளட்ச் பிளேட் மாற்றிய ஒரு மாதத்தில் தொல்லை ஆரம்பித்தது. இரண்டு வேலைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒருநாள் தோட்டத்து வாசலில் வழக்கம்போல் ‘டக்’. மூன்று முறை திருப்பிவிட்டு எரிச்சலில் ஸ்டாப் கேபிளின் கைப்பிடியைப் பிடித்தேன். சுட்டது. வெயில் ஏறாத காலை ஆறு மணிக்கு அந்த இரும்புக் கம்பி ஏன் சுட வேண்டும்? தோட்டத்துக்கு வந்துபோகும் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். “தம்பி, எர்த் இல்லாத கரண்ட் அந்தக் கேபிள் வழியாக வீடு திரும்புகிறது” என்றார்.

சேசிஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவே சரியான பாதை இல்லாததால், கரண்ட் கிடைத்த சந்திலெல்லாம் நுழைந்து, ஸ்டாப் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் என்று மெல்லிய கம்பிகளைச் சூடாக்கிக்கொண்டு போயிருக்கிறது. மீட்டரை வைத்துப் பார்த்தோம். நெகட்டிவ் கம்பத்துக்கும் எஞ்சினுக்கும் இடையே 3.1 வோல்ட். நெகட்டிவ் கம்பத்துக்கும் சேசிஸுக்கும் இடையே 0.1. மீதி 3 வோல்ட் சேசிஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவில். படுத்துக்கொண்டு பார்த்தால், கியர்பாக்ஸ் இறக்கியபோது கழற்றிய பட்டையைப் புதிதாகப் பெயிண்ட் அடித்த சேசிஸின் மேலேயே வைத்து முறுக்கியிருந்தார்கள். போல்ட்டின் மரைகள் வழியாகக் கொஞ்சம் தொடர்பு இருந்தது. எஞ்சின் ரப்பரின் மேல் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறதோ அதைப் பொறுத்துச் சில நாள் அது போதும், சில நாள் போதாது. பட்டையைக் கழற்றி, உப்புத்தாளால் அந்த இடத்தைப் பளபளவென்று தேய்த்து, மீண்டும் முறுக்கி, மேலே கிரீஸ் பூசினோம். மீட்டர் 0.15 காட்டியது.

கிளட்ச், கியர்பாக்ஸ், எஞ்சின் மவுண்டிங் வேலைக்குப் பிறகு தொல்லை ஆரம்பித்திருந்தால் நேராக எர்த் பட்டைக்குப் போங்கள். கேபிள் முனையை வளைத்துப் பாருங்கள்; ரப்பருக்குள் ‘நறநற’ என்றால் உள்ளே பச்சைத் துரு பிடித்திருக்கிறது. மாற்றிவிடுங்கள், சுத்தம் செய்ய முடியாது. பேட்டரி டெர்மினலில் திருகி எடுக்கும் பித்தளைக் கட்-ஆஃப் மாட்டியிருந்தால், குலுங்கும் பாதையில் அது தளரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

செல்ஃப் மோட்டாருக்கு வரும் உத்தரவு

கேபிளும் எர்த்தும் சுத்தம், இருந்தும் சத்தமே இல்லாமல் நிற்கிறது என்றால் சொலினாய்டில் வந்து சேரும் மெல்லிய வயரைப் பிடியுங்கள். சாவியை ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பும்போது அங்கே 10 வோல்ட்டுக்கு மேல் வர வேண்டும். 7, 8 என்று வந்தால் வழியில் எங்கோ விழுங்கப்படுகிறது. ரிலே இல்லாத பழைய ஜீப்புகளில் சொலினாய்டின் கரண்ட் முழுக்கவும் சாவி சுவிட்ச் வழியாகவே போகிறது. சுவிட்சின் கான்டாக்ட் கருகுவது சகஜம். அதற்குச் சிறந்த மருந்து நடுவில் ஒரு ரிலே போடுவதுதான்.

கிளம்பாத அந்தக் கணத்தைப் பிடிக்க ஒரு தந்திரம் உண்டு. அந்த மெல்லிய வயர் முனையிலிருந்து, ஒரு சிறு ஃபியூஸோடு, நீளமான வயரை இழுத்து டாஷ்போர்டில் ஒரு சின்ன 12 வோல்ட் விளக்கோடு இணையுங்கள். விளக்கின் மறுமுனை எர்த்தில். இனி கிளம்பாத முறை வரும்போது விளக்கைப் பாருங்கள். எரிந்தால் உத்தரவு போய்விட்டது, கோளாறு மோட்டாரில் அல்லது தடித்த கேபிளில். எரியாவிட்டால் சுவிட்ச் பக்கம். ஒருமுறை வண்டி மறுத்தால் போதும், பாதித் தேடல் முடிந்துவிடும்.

விளக்கு எரிகிறது, ‘டக்’ மட்டும் வருகிறது, கேபிள்கள் நலம் என்றால், சாவியைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லி மோட்டாரின் உடம்பில் மரக்கட்டையால் மெதுவாகத் தட்டுங்கள். உடனே சுற்றினால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. தட்டியதால் குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அடுத்த நாள் காட்டுக்குள் போய்விடாதீர்கள். அந்த மோட்டார் இறங்க வேண்டும். ஓடையில் இறங்கிய வண்டிகளில் செல்ஃப் மோட்டாருக்குள் சேறு போய்க் காய்ந்து பெண்டிக்ஸை இறுக்கிவிடுவதும் உண்டு. வருடம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்வது மலை வண்டிகளுக்கு ஆடம்பரமல்ல.

சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை: டீசல்

புகைக்குழாயைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது வெண்புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியப் போதிய சூடு இல்லை. புகையே இல்லை என்றால் டீசல் போகவில்லை.

வெண்புகை, அதுவும் குளிர்ந்த காலையில் மட்டும்: உங்கள் எஞ்சினில், குளிரில் கிளப்ப உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக் உண்டா என்று பாருங்கள். மஹிந்திராவின் பழைய ஜீப்புகளில் வந்த பெஷோ டீசல் எஞ்சின் போன்றவற்றில் உண்டு; சிலிண்டருக்குள் நேராகத் தெளிக்கும் எஞ்சின்கள் பலவற்றில் கிடையாது. இருந்தால், வயரைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையைப் பிளக்கின் தலையிலும் வையுங்கள். லாம்ப் எரியாத பிளக் செத்துவிட்டது. நல்ல பிளக்குகளுக்கு ஹீட்டர் நேரத்தில் கரண்ட் வருகிறதா என்பதையும் அதே லாம்ப்பால் பார்த்துவிடலாம்.

புகை இல்லை என்றால் முதலில் சாவியை ‘ஆன்’ செய்யும்போது டீசல் வரத்தைத் திறந்து மூடும், டீசல் பம்ப்பின் ஸ்டாப் சொலினாய்டில் ‘டிக்’ என்று கேட்கிறதா பாருங்கள். கேபிள் இழுத்து நிறுத்தும் வண்டிகளில் இது இருக்காது. அங்கே கேபிள் முழுவதுமாகத் திரும்பிவிட்டதா என்று பார்த்தால் போதும். சொலினாய்டின் வயர் குலுங்கிக் கழன்று நிற்பது ஐந்து நிமிடத்தில் முடியும் கோளாறு. ஆனால் அதற்காக நாசில்களைக் கழற்றியவர்கள் உண்டு.

அடுத்தது காற்று. டாங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை இருக்கும் லைன் உறிஞ்சும் லைன். அதில் வெடிப்போ தளர்ந்த வாஷரோ இருந்தால் டீசல் வெளியே கசியாது; காற்று உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டுகூட இருக்காது என்பதால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். இரவில் மெதுவாக டீசல் டாங்குக்கே திரும்பிவிடும், காலையில் செல்ஃப் அரை நிமிடம் சுற்ற வேண்டியிருக்கும். நோட்டில் எழுதிய சரிவுக் கணக்கு இங்கே உதவும். டாங்க் பின்னால் இருக்கும் வண்டியை ஓர் இரவு மூக்கு மேலேயும் மறு இரவு மூக்கு கீழேயும் நிறுத்திப் பாருங்கள். முதல் காலையில் மட்டும் தகராறு என்றால் ஐயமே வேண்டாம். கையால் டீசலை ஏற்றும் ஹேண்ட் பிரைமரைப் பத்துப் பதினைந்து முறை அடித்துவிட்டுச் செல்ஃப் கொடுத்ததும் கிளம்பினால் உறுதியாகிவிட்டது. எங்கே நுழைகிறது என்று பார்க்க, பம்ப்புக்குச் சற்று முன்னால் ஓர் அடி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஹோஸைத் தற்காலிகமாக இணைத்து எஞ்சினை ஓடவிடுங்கள். குமிழ்கள் ஓடுவது கண்ணுக்கே தெரியும். டாங்க் பக்கமிருந்து ஒவ்வொரு இணைப்பாகச் செம்பு வாஷரை மாற்றிக்கொண்டு வாருங்கள்.

ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். டாங்க் மூடியின் காற்றுத் துளையைச் சேறு அடைத்திருந்தால் வண்டி ஒரு மணி நேரம் ஓடி நின்றுவிடும். மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்ற சத்தம் வரும், பிறகு கிளம்பும். அதுவும் நோட்டில் எழுத வேண்டியதுதான்.

பெட்ரோல் வண்டியும் கம்ப்யூட்டர் வண்டியும்

கார்புரேட்டர் வைத்த பழைய ஜிப்ஸி சூட்டில் மட்டும் கிளம்பாவிட்டால் லைனில் பெட்ரோல் ஆவியாகியிருக்க வாய்ப்பு அதிகம். பானெட்டைத் திறந்து ஆறவிட்டு, லைன் எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் போகிறதா என்று பாருங்கள். இன்ஜெக்‌ஷன் வந்த வண்டிகளில் சாவி ‘ஆன்’ செய்ததும் இரண்டு விநாடி பம்ப் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காத முறை மட்டும் கிளம்பவில்லை என்றால் பம்ப், அதன் ரிலே, அல்லது அதன் எர்த்.

கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் காமன் ரெயில் டீசலிலும் இன்ஜெக்‌ஷன் பெட்ரோலிலும் ஒரு விஷயம் முக்கியம்: பேட்டரியைக் கழற்றும் முன் ஸ்கேனரை மாட்டி, கம்ப்யூட்டர் சேமித்து வைத்திருக்கும் கோளாறு எண்களைப் படித்துவிடுங்கள். பல வண்டிகளில் பேட்டரியைக் கழற்றினால் அவை அழிந்துவிடும். சூடானபோது செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பற்றாமல், ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பினால் எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைச் சந்தேகப்படுங்கள். செல்ஃப் சுற்றும்போது ஸ்கேனரில் எஞ்சின் வேகம் பூஜ்யம் காட்டினால் அது உறுதி. சாவி படம் போட்ட விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை. வேறு எதையும் கழற்றும் முன் இரண்டாவது சாவியால் முயலுங்கள்.

எதுவும் அகப்படாதபோது

வண்டி நன்றாக இருக்கும் நாளிலேயே அதைத் தொந்தரவு செய்யலாம். எஞ்சினை ஓடவிட்டு, ஃபியூஸ் பெட்டி, சாவி சுவிட்சுக்குக் கீழே வரும் வயர்க் கட்டு, ரிலே சாக்கெட், பம்ப் கனெக்டர் என்று ஒவ்வொன்றாக, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும், ஆட்டிப் பாருங்கள். எஞ்சின் திணறினால் அந்த இடத்திலேயே நின்றுகொள்ளுங்கள். ஓடையில் இறங்கிய மறுநாள்தான் தொல்லை என்றால் கனெக்டர்கள் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு முயலுங்கள். சூட்டில் மட்டும் என்றால் ரிலேயைக் கழற்றி வெயிலில் வைத்துவிட்டு மாட்டுங்கள்.

ஒரு நாளில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றுங்கள், தேதியைப் போட்டு நோட்டில் எழுதுங்கள். விட்டுவிட்டு வரும் கோளாறு, எதை மாற்றினாலும் நான்கைந்து நாள் அடங்கியிருப்பதுபோல் காட்டும். அது முன்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்தது என்று நோட்டு சொல்லும். அதைப்போல் மூன்று மடங்கு நாள் தொல்லையில்லாமல் ஓடிய பிறகே நான் சரியாகிவிட்டது என்று எழுதுவேன். எர்த் பட்டையைத் தேய்த்து மாட்டிய பிறகும் மூன்று வாரம் ஜீப்பைச் சரிவில்தான் நிறுத்தினேன்.